வராண்டா டாக்டர்

ஆஸ்பத்திரியில் எல்லாவற்றுக்கும் நிபுணர்கள் உண்டு. இதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், காது மூக்கு தொண்டை மூன்றுக்கும் சேர்த்துச் சிக்கனமாக ஒருவர். நம் டாக்டர் படித்தது பொது மருத்துவம். காய்ச்சல், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, காரணம் தெரிந்த மயக்கம், காரணம் தெரியாத மயக்கம் எல்லாம் அவரிடம் வரும். ஆனால் அவர் பேர் வாங்கியது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத ஒரு துறையில். உள்ளே யாராவது இறந்துபோனால், வெளியே வந்து சொந்தக்காரர்களிடம் சொல்கிறவர் அவர்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் இரட்டைக் கதவுக்கு வெளியே நீளமாக ஒரு வராண்டா. ஒரு பக்கம் ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள். எதிர்ச் சுவரில் கை கழுவுவது எப்படி என்று விளக்கும் படம். நாற்காலிகளில் சொந்தக்காரர்கள் பையும் போர்வையும் சார்ஜ் தீர்ந்த போனுமாக உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறந்து நம் டாக்டர் வருகிறார் என்றால், யாருக்கோ அன்றைய நாள் முடிந்தது என்று பொருள். அதனால்தான் வராண்டா டாக்டர் என்று பெயர். முதலில் நர்சுகள் வைத்தார்கள், பிறகு எல்லாரும் சொன்னார்கள், கடைசியில் அவரே போனில் அப்படிச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்.

இந்தப் பதவி அவருக்குத் தானாக வந்து வாய்த்தது. அவர் சேர்ந்த புதிதில் அங்கே ஓர் அறுவை நிபுணர் இருந்தார். இன்னமும் இருக்கிறார். கத்தியைப் பிடித்தால் அப்படி ஒரு நேர்த்தி. அதனால் அவரைத் ‘தங்கக் கை’ என்பார்கள். கைக்குச் செலவான தங்கத்தில் வாய்க்கு ஒரு குண்டுமணி கூட மிச்சமில்லை. ஒரு முறை ஒரு பெரியவர் மேஜையிலேயே இறந்துபோக, தங்கக் கை வெளியே வந்து மகனிடம் சொன்னார்: “உங்கப்பா ஒத்துழைக்கலை.” மகன் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். அன்றுவரை அந்த நாற்காலிகள் தனித்தனியாக இருந்தன. நிர்வாகம் இந்தச் சம்பவத்திலிருந்து கற்றுக்கொண்ட பாடம், நாற்காலிகளைப் பிணைத்துவிட வேண்டும் என்பது.

அந்த நேரம் பார்த்து நம் டாக்டர் அந்தப் பக்கமாக வந்தார். கேன்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தவர், டீ ஆறிவிடுமே என்று பேசாமல் போயிருக்கலாம். நின்றார். நாற்காலியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தார், அதிலேயே அந்த மகனை உட்காரவைத்தார், தான் அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த மகன் அவர் தோளில் சாய்ந்து அழுதான். போகும்போது கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னான். கதவிடுக்கு வழியாகத் தங்கக் கை இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதனின் தலையெழுத்து இப்படித்தான், கதவிடுக்கு வழியாக, வேறொருவர் பார்க்கும்போது எழுதப்படுகிறது.

மறுவாரமே தங்கக் கை வந்தார். “அண்ணே, வெளியே ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னா நல்லாருக்கும்.” பிறகு இதய நிபுணர் வந்தார். பிறகு சிறுநீரகம், நரம்பு, மயக்க மருந்து. ‘வெளியே ஒரு வார்த்தை’ என்பது அந்த ஆஸ்பத்திரியின் பரிபாஷையாகவே ஆகிவிட்டது. யாரும் ‘சாவு’ என்று சொல்வதில்லை. சொல்லத்தான் ஆள் இருக்கிறாரே.

டாக்டரும் அதை ஒரு கலையாக வளர்த்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். யார் நெருங்கிய சொந்தம் என்று முதலில் விசாரிப்பார். அவர்கள் கண்ணுக்குக் கீழே தன் கண் இருக்கும்படி உட்காருவார். “நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?” என்று ஆரம்பிப்பார். தாழ்ந்த, வழவழப்பான, எங்கேயும் தடுக்காத ஒரு குரல். “கடைசி வரைக்கும் கஷ்டப்படலை. அமைதியாத்தான் போனாங்க,” என்று முடிப்பார். அதைக் கேட்டு அடித்தவர்கள் இல்லை. திட்டியவர்கள் கூட இல்லை. நிர்வாகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கேன்டீன் குத்தகைக்காரரை நீக்கியபோதும் அவரைத்தான் அனுப்பினார்கள். குத்தகைக்காரர் அழுதுவிட்டு, கடைசி டீயை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

தொந்தரவு வீட்டில்தான் தெரிந்தது. டாக்டரின் மனைவி பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒரு நாள் சாயங்காலம் அவர் வந்ததும் வராததுமாக, டாக்டர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார். ஊரிலிருக்கும் அம்மா, அப்பா, தம்பி என்று ஒவ்வொருவராக மனைவி மனசுக்குள் வழியனுப்பி வைத்துவிட்டார். டாக்டர் அந்த வழவழப்பான குரலில் சொன்னார்:

“வாஷிங் மெஷினை எவ்வளவோ முயற்சி பண்ணிப் பார்த்தாங்க. மோட்டார் தாங்கலை.”

மனைவி அன்று ராத்திரி அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குரல் வீட்டில் எல்லாவற்றுக்கும் வந்தது. பால் திரிந்ததற்கு, பஸ் தவறியதற்கு, கல்யாண நாளுக்கு வாழ்த்துச் சொல்வதற்கும்கூட. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஜன்னலிலிருந்து மனைவி பார்ப்பார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், “ஒண்ணுமில்லை, சும்மா,” என்பார். உண்மையிலேயே ஒன்றும் செய்வதில்லை. பாட்டும் இல்லை, போனும் இல்லை. வண்டியின் விளக்கு தானாக அணைந்த பிறகும் உட்கார்ந்திருப்பார்.

தனக்கு என்ன நோய் என்று அவரே கண்டுபிடித்தது ஒரு மத்தியானத்தில். ஓர் அம்மாள் மகனைப் பறிகொடுத்துவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். டாக்டரின் வாய் சரியான வார்த்தைகளைச் சரியான இடைவெளிகளில் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணோ அவள் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கேன்டீனில் பிஸ்கட் தீர்ந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தது. நெஞ்சில் ஓர் அசைவு? தேடிப் பார்த்தார். இல்லை. அந்த அம்மாளை எழுப்பி அனுப்பிவிட்டுக் கழிவறைக்குப் போய்த் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். அது பாட்டுக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

இந்த வராண்டாவிலிருந்து சீக்கிரம் வெளியேறாவிட்டால், குரலுக்குப் பின்னால் ஆளே மிச்சமிருக்கமாட்டான் என்று அவருக்கு உறைத்தது. நேராக நிர்வாகியிடம் போனார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அவரவர் நோயாளியின் சாவை அவரவரே சொல்லட்டும்.

நிர்வாகி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது; அது எதனோடும் பிணைக்கப்படவில்லை, சக்கரம் வைத்தது. “டாக்டர், உங்களுக்கு வந்திருக்கிறது மனச்சோர்வு,” என்று கண்டுபிடித்தார். “இதுக்கு வேலையைக் குறைக்கிறது தீர்வில்லை. மனசைப் பலப்படுத்தணும்.” அப்படிப் பலப்படுத்துவதற்காக ஒரு மனமகிழ்ச்சி முகாம் ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. டாக்டர்களின் ஒரே விடுமுறை நாளில், கட்டாய வருகையோடு.

முகாமை நடத்த வந்தவர் மகிழ்ச்சியே உருவான ஓர் ஆள். எல்லாருக்கும் ஒரு பலூன் கொடுத்தார். உங்கள் சோகத்தை மூச்சாக ஊதி உள்ளே அடையுங்கள், பிறகு உடைத்துவிடுங்கள், அதோடு போயிற்று என்றார். மயக்க மருந்து டாக்டர் ஊதும்போதே தூங்கிவிட்டார். மற்றவர்கள் ஒரே நேரத்தில் உடைத்தார்கள். அந்தச் சத்தத்தில் மேல் மாடியிலிருந்து இதய நோயாளி ஒருவரைக் கீழே கொண்டுவரவேண்டியதாயிற்று. பிறகு, யாராவது மனம் திறந்து பேசுங்கள் என்றார் மகிழ்ச்சிக்காரர். எல்லாரும் வராண்டா டாக்டரைப் பார்த்தார்கள். பழக்கதோஷம்.

எழுந்தார். தனக்கு எதுவுமே உறைக்கமாட்டேன் என்கிறது, பயமாக இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னார். ஆனால் சொன்ன குரல் அந்தக் குரல். அரங்கமே விசும்பியது. மகிழ்ச்சிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நிர்வாகி அங்கேயே முடிவெடுத்துவிட்டார். எதற்காக விடுதலை கேட்டாரோ அதே வராண்டா அப்படியே நீடித்தது. கூடுதலாக ‘நல்வாழ்வுத் தூதர்’ என்று ஒரு பட்டமும் வந்து சேர்ந்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் அவர் படத்தை ஒட்டினார்கள். புன்னகைக்கச் சொல்லி எடுத்த படம். பல் வலி விளம்பரம் என்றே பலரும் நினைத்தார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. டாக்டருக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாக்குமூலத்தைக் காதால் வாங்கியதால், எந்த வார்த்தை வாயிலிருந்து வருகிறது, எது அதற்கும் கீழேயிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி கட்டிலருகே வந்து, முக்காலியை இழுத்துப் போட்டு, தலையைச் சாய்த்தார்.

“அக்கா, கொஞ்சம் பேசணும். தண்ணி குடிக்கிறியா?”

“என்னிக்குச் சாகப்போறேன், அதை மட்டும் சொல்லு.”

“சே, அதெல்லாம் இல்லக்கா. குடல்ல ஒரு அடைப்பு. ஆபரேஷன் பண்ணா சரியாப்போகும்.”

“அதுக்கு எதுக்குடா இந்தக் குரல்? வாஷிங் மெஷினுக்கும் இதே குரல்தானாமே, உன் பொண்டாட்டி சொன்னா. சின்ன வயசுல தொண்டை கிழியக் கத்துவியே. அந்தப் பயல் எங்கடா போனான்?”

டாக்டர் சிரிக்க முயன்றார். அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு, ஆபரேஷன் யார் செய்யப்போவது என்று கேட்டார். தங்கக் கை என்றதும், “அவன் வாயால எதையும் சொல்லாம இருந்தா சரி,” என்றார்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்து, நர்சுகளின் தமிழைத் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு ஒரு காலையில் திடீரென்று மூச்சுத் திணறவே, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். சொந்த ரத்தத்துக்கு டாக்டர் வைத்தியம் பார்க்கக்கூடாது என்பது அங்கே விதி. அந்தப் பிரிவின் டாக்டரம்மா, “சார், நீங்க வெளியே இருங்க, நாங்க பார்த்துக்கிறோம்,” என்று அவரை இரட்டைக் கதவுக்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டார்.

இத்தனை காலமும் அந்த வராண்டாவில் நின்றிருக்கிறார், குத்துக்காலிட்டிருக்கிறார். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அது முன்பக்கமாகச் சரிந்திருந்தது, சாய்ந்தால் வழுக்கியது. பக்கத்து ஆள் காலை ஆட்டினால் வரிசையே ஆடியது. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாரும் எழுந்தார்கள், அவரும் எழுந்தார். டிராலிதான் வந்தது. உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் கை கழுவும் படத்தைப் படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கட்டை விரலை மறந்துவிடாதீர்கள் என்று அதில் போட்டிருந்தது.

மத்தியானத்துக்குள் அக்கா இறந்துபோனார்.

உள்ளே என்ன நடந்தது என்பது பிற்பாடு ஒரு நர்ஸ் சொல்லித்தான் வெளியே தெரியும். இறந்ததை உறுதி செய்ததும் எல்லாரும் வழக்கப்படி அடுத்த வேலைக்குத் திரும்பினார்கள். அப்புறம்தான் ஒருவருக்கு உறைத்தது: யார் சொல்வது? அந்த ஆஸ்பத்திரியில் சாவைச் சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்ற யாருக்கும் அந்தத் தொழில் மறந்தே போயிருந்தது. தங்கக் கை, அது தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு என்றார். மயக்க மருந்து டாக்டர், அது அறுத்தவர் பொறுப்பு என்றார். போன் பண்ணிச் சொல்லிவிடலாமா என்று ஒருவர் கேட்டார்; அவர் கதவுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று ஞாபகப்படுத்தினார்கள். கடைசியில் டாக்டரம்மாவைத் தள்ளிவிட்டார்கள்.

அவர் வெளியே வந்தார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. வாய், தனக்குப் பழகிய வழியில் போனது.

“சார், வெளியே ஒரு வார்த்தை சொல்லணும்.”

டாக்டர் சட்டென்று எழுந்துவிட்டார். கை கழுத்துக்குப் போய், இல்லாத ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றப் பார்த்தது. “யாரு வந்திருக்காங்க?” என்று கேட்டார். “பெரியவங்க யாராவது கூட இருக்காங்களா?”

டாக்டர் வரிசையை ஒரு நோட்டம் விட்டார். கடைசியில் ஒரு கணவனும் மனைவியும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் போனார், முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

அந்தப் பெண்ணின் கையிலிருந்து ரொட்டி விழுந்தது. “ஐயோ, எங்கப்பாவா?” என்றாள். டாக்டரம்மா ஓடிவந்து டாக்டரின் முழங்கையைப் பிடித்தார். “சார், அவங்க இல்லை. எழுந்திருங்க சார். அவங்க இல்லை.”

எழுந்தார். அப்படியென்றால் யார் என்று வரிசை முழுவதையும் பார்த்தார். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் பார்த்தார். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் அவருடைய பை இருந்தது, அக்காவின் மூக்குக் கண்ணாடிக் கூடு அதில் துருத்திக்கொண்டு நின்றது.

அதன்பின் அவர் செய்ததை அந்த ஆஸ்பத்திரி இன்றைக்கும் மன்னிக்கவில்லை. திரும்பிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “தங்கக் கையை வரச் சொல்லுங்க,” என்றார். “நான் சொந்தக்காரன். உட்கார்ந்திருக்கேன்.”

வெகுநேரம் கழித்துத் தங்கக் கை வந்து எட்ட நின்றார்.

“அண்ணே... உங்களுக்கே தெரியும்...”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லுங்க.”

“ரத்தக் கட்டிண்ணே. நுரையீரலுக்குப் போயி...”

“கட்டி எங்கே வேணாப் போகட்டும். எங்க அக்கா?”

தங்கக் கை சுவர்ப் படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “போயிட்டாங்கண்ணே.”

“கடைசியா ஏதாவது சொன்னாளா? என்னைக் கேட்டாளா?”

“தெரியலைண்ணே. நான் மானிட்டரைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.”

கஷ்டப்படவில்லை, அமைதியாகத்தான் போனார்கள் என்ற அந்தப் பொய்யை வராண்டா டாக்டர் எத்தனையோ பேருக்கு அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறார். கொடுக்கும்போது அது வெறும் வாய்ப்பாடாக இருந்தது. அன்றைக்கு அந்த ஒரு பொய்யை யாராவது தனக்குச் சொல்லமாட்டார்களா என்று அவர் அந்த வழுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். சொல்லத் தெரிந்த ஆள் அங்கே வேறு யாருமில்லை. பள்ளியிலிருந்து மனைவி மூச்சிரைக்க ஓடிவந்து எப்படி இருக்கிறார் என்று கேட்டபோது, “அக்கா செத்துட்டாடி,” என்று கத்தினார். வராண்டாவே திரும்பிப் பார்த்தது. மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

துக்க விடுப்பு முடிந்து வந்தவர், இனி வராண்டாவுக்கு வரமாட்டேன் என்று நிர்வாகியிடம் சொல்லிவிட்டார். நடந்ததெல்லாம் வெளியே கசிந்திருந்ததால் நிர்வாகி மறுபேச்சுப் பேசவில்லை. இனி அவரவர் நோயாளியின் சாவை அவரவரே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. டாக்டர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் உத்தரவு போட்டால் வாய் வந்துவிடுமா? இதய நிபுணர் லிஃப்டுக்குள் வைத்துச் சொன்னார், கதவு மூடுவதற்குள் முடியும் என்பதால். சிறுநீரக டாக்டர் குறுஞ்செய்தி அனுப்பினார். தங்கக் கை எதையும் சொல்லாமல், அவசரக் காலத்துக்கென்று வைத்திருந்த பின்படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விடுவார். உள்ளே ஆள் எப்போதோ இறந்திருக்க, வெளியே வராண்டாவில் நம்பிக்கை பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஒரு நாள் டாக்டர் வார்டுக்குப் போகும் வழியில், ஓர் அம்மாள் ஃபிளாஸ்கோடு எழுந்து நின்றாள். “டாக்டர், அவருக்குக் கஞ்சி கொண்டாந்திருக்கேன். கண்ணு முழிச்சதும் சூடா கொடுக்கணும். உள்ளே விடுவாங்களா?” அவர் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஒரு கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. நர்ஸ் அவர் கண்ணைச் சந்திக்காமல் திரும்பிக்கொண்டாள். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். நடக்க அவருக்கு உரிமை இருந்தது. அதைப் பாடுபட்டுச் சம்பாதித்திருந்தார். வராண்டாவின் முனை வரைக்கும் போனார், அங்கே கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு திரும்பி வந்து அந்த அம்மாளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

எந்தப் பழைய வித்தையும் கைகொடுக்கவில்லை. வார்த்தை பாதியில் நின்றது, குரல் உடைந்தது, சொல்லி முடிப்பதற்குள் அவரே தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். அந்த அம்மாள் முதலில் ஒன்றும் புரியாமல் ஃபிளாஸ்கைத் திறந்து, மூடியில் கஞ்சியை ஊற்றி அவரிடம் நீட்டினாள். பிறகு புரிந்தது. இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

மறுநாளே அவள் மச்சினர் வக்கீலோடு வந்துவிட்டார். அவர் வாதத்தில் ஓட்டையே இல்லை: டாக்டரே அழுகிறார் என்றால் உள்ளே ஏதோ தப்பு நடந்திருக்கிறது, ஒழுங்காக வைத்தியம் பார்த்த டாக்டர் எதற்கு அழுகிறார்? ஆஸ்பத்திரியின் வக்கீலும் அதை ஒப்புக்கொண்டார். நிர்வாகி நம் டாக்டரைக் கூப்பிட்டு, அவர் மனநலம் குறித்த அக்கறையோடும் நிறுவனத்தின் நலம் குறித்த கூடுதல் அக்கறையோடும், இனி அவர் வராண்டாவில் காலே வைக்கக்கூடாது என்று தடை போட்டார். ஒன்றும் உறைக்காமல் இருந்த காலமெல்லாம் தூதராக இருந்தவர், உறைக்க ஆரம்பித்ததும் தகுதி இழந்தார். படத்தைக் கழற்றிவிட்டார்கள், சுவரில் பசை மட்டும் மிச்சம். வராண்டாவுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்திருக்கிறார். டாக்டர் இல்லை. கடன் வசூல் நிறுவனம் ஒன்றில் போனில் பேசிக்கொண்டிருந்தவராம். நல்ல குரல் என்கிறார்கள்.

தடை இருப்பதால், டாக்டர் இப்போது தன் வார்டுக்குப் பின்படிக்கட்டு வழியாகப் போய்வருகிறார். சில நாட்களுக்கு முன் பாதி வழியில் மேலேயிருந்து தங்கக் கை இறங்கி வந்தார், பச்சைத் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு.

“என்னண்ணே, நீங்களும் இந்தப் பக்கம்தானா?”

“எனக்கு அந்தப் பக்கம் தடை. உங்களுக்கு?”

தங்கக் கை தொப்பியைப் பைக்குள் திணித்துக்கொண்டார். படிக்கட்டு குறுகல், யாராவது ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போகமுடியும். யார் ஒதுங்குவது என்று தெரியாமல் இருவரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.